பருத்திக்கொட்டை வாங்கப் போனவர்

1

நான் ஐதராபாத்துக்கு வந்து முப்பத்தஞ்சு வருசம் ஆச்சுங்க. அல்வால்ல சொந்த வீடு, பாதுகாப்புத் துறையில நிரந்தர வேலை, இந்த வருசம் ரிட்டையர்மெண்ட், கையில பென்ஷன். ஊருக்கு வந்தா, "செல்வராஜு, நீ குடுத்து வெச்சவன்டா"ன்னு சொல்றீங்க. கேக்கறப்பெல்லாம் உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் தொறப்பேன், அப்புறம் சிரிச்சுட்டு வந்துருவேன். குடுத்தது நானில்லீங்க, வேற ரெண்டு பேரு. அதைச் சொல்லத்தான் இதை எழுதறேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும்போது ஒரு ஃபார்ம் தருவாங்க. அப்பா பேரு, அம்மா பேரு, கூடப்பொறந்தவங்க எத்தனை, அவங்க எங்க இருக்காங்க, செத்திருந்தா எப்படிச் செத்தாங்க, குடும்பத்துல யாராச்சும் கலவரம், கேசுன்னு மாட்டினதுண்டா, எல்லாம் எழுதணும். அதை எடுத்துக்கிட்டு போலீஸ்காரங்க நம்ம ஊர்ல போயி விசாரிப்பாங்க. அதோட விட்டாங்களா? பிரமோஷன்னா மறுபடியும் அந்த ஃபார்ம். வேற பிரிவுக்கு மாத்தினா மறுபடியும் அந்த ஃபார்ம். போன தடவை எழுதினதுக்கும் இந்தத் தடவை எழுதினதுக்கும் ஒரு சொல்லு மாறினாலும் கூப்பிட்டு வெச்சுக் குடைவாங்க. அதனால முதல் ஃபார்மை ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு தடவையும் அதைப் பாத்து அப்படியே எழுதிடுவோம். வீட்டுப் பத்திரத்தைத் தொலைச்சவங்க எங்க ஆபீஸ்ல உண்டு. அந்த ஜெராக்ஸைத் தொலைச்சவங்க யாரும் கிடையாது.

என்னோடது ஒரு பழுப்புக் கவர்ல, பீரோவுல, சம்சாரத்தோட பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு. அதுல அண்ணனுக்கு நேரா நான் எழுதினது இதுதான்: 'ஒருவர். உயிருடன் இல்லை. மாட்டுத் தீவனம் வாங்கச் சென்ற இடத்தில் விபத்து.' அந்த வரியை ஏழு தடவை எழுதியிருக்கேன். ஒரு தடவைகூட எனக்குப் பேனா நிக்கலை.

2

ரெண்டு வருசத்துக்கு முந்தி, தனித் தெலங்கானா கேட்டு இங்க எல்லாமே நின்னு போயிருந்த சமயம். பஸ் ஓடலை, பள்ளிக்கூடம் இல்லை, நெலக்கரிச் சுரங்கத்துலயும் ஸ்டிரைக்குங்கறதால கரண்ட் எப்ப வரும் எப்பப் போகும்னு யாருக்கும் தெரியாது. மத்தியானம் ஃபேன் நின்னு போயி, பேப்பரை மடிச்சு விசிறிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊர்ல இருந்து நங்கை கூப்பிட்டாங்க. அண்ணன் சம்சாரத்தை எங்க கோயமுத்தூர்ப் பக்கம் நங்கைன்னு சொல்லுவோம். மத்த ஊர்க்காரங்க அண்ணின்னு வெச்சுக்கங்க.

"ஏனுங் தம்பி, நல்லா இருக்கீங்களா? அங்க கரண்ட் இருக்குதுங்களா?"

"இல்லீங் நங்கை. போராட்டம் நடக்குது."

"அப்படீங்களா. இங்க மோட்டாரு பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்குது." அப்புறம், "நம்மூரு ரோட்டு முக்குல கல்லு வெக்கறாங்களாமாங். அன்னைக்குச் செத்துப் போனவங்க பேரெல்லாம் வெட்டி"ன்னாங்க.

"அண்ணன் பேரு?"ன்னு கேட்டேன்.

"போடலீங். 'போராட்டத்துக்கு வரவே இல்லைன்னு குடும்பமே எழுதிக் குடுத்திருக்கறப்ப நாங்க எப்படீங் அம்மணி போடறது, நாளைக்கு நீங்களே சண்டைக்கு வந்தா?'ன்னு விவசாயிங்க சங்கத்துல கேக்கறாங்க. கூடப்பொறந்தவரு நீங்க ஒரு கடுதாசி குடுத்தாப் போடறாங்களாமா. 'என்ற அண்ணன் போராடத்தான் போனாரு'ன்னு ஒரே வரி. அது போதுமாமா, தம்பி."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "பாக்கலாங் நங்கை"ன்னேன்.

ரிட்டையர்மெண்டுக்கு ரெண்டு வருசம் பாக்கி. அந்த மாசம்தான் கடைசிப் பிரமோஷனுக்கான ஃபார்ம் மேசை மேல கெடந்துச்சு. ஊர்ல நான் கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி குடுத்து, விசாரிக்க வர்ற போலீஸ்காரர் கண்ணுல அந்தக் கல்லு பட்டுச்சுன்னா? இதுதான் என் பயம். அண்ணனைப் பத்தின நெனப்பு அதுக்கப்புறம்தான் வந்துச்சு. வெக்கங்கெட்டவன்னு திட்டிக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

3

அந்தப் போராட்டத்தைப் பத்தி இன்னிக்கு ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. பம்புசெட்டு கரண்டுக்கு ரேட்டை ஏத்தினாங்க. மழை இல்லாத வருசம், கெணத்துத் தண்ணியை நம்பிப் பருத்தி போட்டவங்க எல்லாரும் கட்ட மாட்டோம்னாங்க. கரண்ட் ஆபீஸ்காரங்க ஒவ்வொரு தோட்டமா வந்து ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போனாங்க. கண்ணு முன்னாடி பயிர் காஞ்சுது. சங்கத்துக்காரங்க சொன்னாங்க, ஊரு ஊரா மாட்டு வண்டியைப் பூட்டிக்கிட்டு வந்து மெயின் ரோட்டை மறிங்கன்னு.

எனக்கு அப்பப் பதினேழு வயசு, பியூசி படிச்சுக்கிட்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் சின்ன வயசுலயே போயிட்டாங்க. அண்ணனும் நங்கையும்தான் என்னை வளத்தாங்க. அவங்களுக்குப் புள்ளை இல்லை, நாந்தான் புள்ளை. அன்னைக்குக் காலையில நானும் வண்டியில ஏறி உக்காந்தேன். அண்ணன் காதைப் பிடிச்சு எறக்கி உட்டாரு. "பரிச்சைக்குப் படிக்கற வழியைப் பாரு. போராடறதுக்கு வூட்டுக்கு ஒருத்தன் போதும்"னாரு. அவரு எங்கிட்ட கடைசியாப் பேசினது அதுதான்.

மத்தியானம் துப்பாக்கிச் சத்தம் எங்க தோட்டம் வரைக்கும் கேட்டுச்சு. ஏதோ வெடி போடறாங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சு வண்டி மட்டும் வந்துச்சு. காரி, மயிலைன்னு எங்க ரெண்டு மாடு, வழி தெரிஞ்சதால தானா வூடு வந்து சேந்து கட்டுத்தரைக்கு முன்னாடி நின்னுக்கிச்சு. நங்கை ஓடி வந்து வண்டிக்குள்ள எட்டிப் பாத்தாங்க. அவரோட துண்டும் தண்ணித் தூக்குவாளியும் இருந்துச்சு. வேற ஒண்ணுமே இல்லை. இதை நெனப்புல வெச்சுக்கங்க. வண்டியில ஒரு பருத்திக்கொட்டை கூட இல்லை.

எங்க ஊர்ல அன்னைக்குச் சுட்டதுல செத்தது மூணு பேரு, அதுல அண்ணன் ஒருத்தரு. அந்த மாசம் முடியறதுக்குள்ள போராட்டம் படுத்துருச்சு. தலைவர்கள் ஜெயில்ல. ஒவ்வொருத்தரா கரண்ட் ஆபீசுக்குப் போயி, கட்ட மாட்டோம்னு சொன்னதைக் கட்டி, ஃபியூஸைத் திரும்பப் போட்டுக்கிட்டாங்க. கடைசியா கட்டினது எங்க வூடு. ரொம்ப நாளைக்கு ஊர்ல யாரும் யாரு முகத்தையும் நேராப் பாக்கலை. அப்புறம் எத்தனையோ வருசங்கழிச்சு, எந்த அரசாங்கமோ தோட்டத்துக்கு கரண்டே இலவசம்னு சொல்லிருச்சு. இப்ப இளவட்டங்களைக் கேட்டா "கவர்மெண்ட் குடுக்குது"ங்கறாங்க. குடுக்குது, இல்லீங்களா? போனவங்க மூணு பேரும் எதுக்குப் போனாங்கன்னு யாரும் கேக்கறதில்லை.

4

அதுக்கு ஏழெட்டு வருசங்கழிச்சு, நான் வேலைக்கு செலக்ட் ஆனப்ப விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தாரு. நல்ல மனுசன்தான், குறை சொல்ல மாட்டேன். கட்டில்ல உக்காந்து மோர் குடிச்சுட்டு, நங்கையைப் பாத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாரு.

"அம்மா, நான் உள்ளதை எழுதினா இந்தப் பையனுக்கு வேலை போச்சு. கலவரத்துல செத்தவன் தம்பின்னா தில்லியில எடுக்க மாட்டாங்க. நீங்க எழுதிக் குடுங்க. அவரு போராட்டத்துக்குப் போகலை, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கப் போனாரு, கூட்டத்துல சிக்கிட்டாருன்னு. ஃபார்ம்ல காலியா விட்டிருக்கற எடத்துல தம்பியும் அதையே எழுதட்டும்."

நங்கைக்கு அப்ப முப்பது வயசு இருக்கும். அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. என்னைப் பாத்தாங்க. நான் "வேண்டாங் நங்கை"ன்னு சொல்லியிருக்கணும். இத்தனை வருசமா மனசுக்குள்ள எத்தனையோ தடவை சொல்லிட்டேன். அன்னைக்குச் சொல்லலை, குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவங்க காயிதத்தை வாங்கி, தொடை மேல வெச்சு, ஒவ்வொரு எழுத்தாக் கையெழுத்துப் போட்டாங்க. போலீஸ்காரர் போனதுக்கப்புறம், "உங்கண்ணன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு. போயி நல்லா இருங்க"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.

செத்துப் போன மத்த ரெண்டு பேரு வூட்டுக்காரங்க அதுக்கப்புறம் ரொம்ப வருசம் நங்கைகிட்டப் பேசலை. நான் இங்க வந்து சேந்துட்டேன், அந்த மௌனத்தை அவங்கதான் தனியா இருந்து அனுபவிச்சாங்க.

5

இந்த ஊரு எனக்கு ஒரு குறையும் வெக்கலை. காய்காரி மல்லம்மாகிட்ட "நக்கோ, பழசு நக்கோ"ன்னு, வேண்டாங்கறதை இந்த ஊர்ப் பேச்சுலயே சொல்லிப் பேரம் பேசக் கத்துக்கிட்டேன். பக்கத்து வூட்டு யாதகிரி எனக்கு அண்ணன் தம்பி மாதிரி. அவரு வூட்டு ஹால்ல ஒரு போட்டோ மாலை போட்டு மாட்டியிருக்கும். அவரோட அண்ணன். அந்தக் காலத்துலயும் தனி மாநிலம் கேட்டு ஒரு பெரிய கிளர்ச்சி நடந்து அதுவும் தோத்துப் போச்சு, அதுல காலேஜ் படிக்கறப்பவே செத்துட்டாராம். வூட்டுக்கு யாரு வந்தாலும் யாதகிரி முதல்ல அந்தப் போட்டோவைக் காட்டுவாரு. ஒரு நாள் என்னைக் கேட்டாரு, "உங்க அண்ணன் எப்படிப் போனாரு?"ன்னு. "ஆக்சிடென்ட்"னு சொன்னேன். அப்ப எந்த ஃபார்மும் கையில இல்லை, எந்த ஆபீசரும் எதிர்ல இல்லை. பழகின வாயி, தானா சொல்லிருச்சு.

என் மக தீபா இங்கயே பொறந்து வளந்தவ. தமிழ் புரியும், பதில் தெலுங்குல வரும். நங்கைகிட்டப் போன்ல பேசச் சொன்னா, "பாகுன்னாரா பெரியம்மா?"ம்பா, நல்லா இருக்கீங்களான்னு. "புள்ள என்னமோ கேக்குது, நல்லதாத்தான் கேக்கும்"னு நங்கை சிரிச்சுக்குவாங்க.

ரெண்டு வருசத்துக்கு முந்தி நடந்த அந்தத் தெலங்கானாப் போராட்ட சமயத்துல ஒரு நாள் பால் வாங்கப் போனேன். மெயின் ரோட்டை மறிச்சு, நடு ரோட்டுல அடுப்பு மூட்டிச் சமைச்சு, ஜனங்க பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. இங்க அது ஒரு போராட்ட முறை, ரோட்டுலயே சமைச்சு ரோட்டுலயே சாப்பிடறது. அந்தப் பந்தியில, காலேஜ் சிநேகிதிகளோட என் மக. தூரத்துல போலீஸ் வேன் நிக்குது. போயி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். தட்டுல சோறு அப்படியே கெடந்துச்சு.

வூட்டுக்கு வந்ததும் அவ கத்தினா. "நீக்கேம் தெலுசு நான்னா?" உனக்கு என்னப்பா தெரியும்? "நீங்கெல்லாம் வேலைக்காக வந்தவங்க. உங்க வூட்ல யாராவது எதுக்காவது ரோட்டுல நின்னிருக்காங்களா?"

என் சம்சாரம் என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரியும். நான் பீரோ பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு, "சும்மா இரு, பேசாதே"ன்னு மகளை அதட்டினேன். சொல்றதுக்கு அதை விட்டா வேற நேரம் இருக்குமா? சொல்லலை.

6

கடுதாசி எழுதலை. அடுத்த தை மாசம் கல்லு வெச்சுட்டாங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் விடியக்காலையில, யாரும் பாக்காத நேரமாப் பாத்து ரோட்டு முக்குக்குப் போனேன். கறுப்புக் கல்லு. ரெண்டு பேரு. ரெண்டாவது பேருக்குக் கீழ, ஒரு வரி அகலத்துக்கு வெறுமனே இழைச்சு விட்டிருந்துச்சு. அதுக்குக் கீழதான் 'வீரவணக்கம்'னு வெட்டியிருந்தாங்க.

அந்த வெத்து வரி மேல ஒரு சாமந்திப் பூ ஒட்டியிருந்துச்சு. ஈரம் காயலை.

வூட்டுக்குத் திரும்பி வந்து நங்கைகிட்ட ஒண்ணும் கேக்காம நின்னேன். அவங்களே சொன்னாங்க. "கல்லு வெட்டறவருகிட்ட ஒரு வரிக்கு எடம் உடச் சொன்னனுங். உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்குதல்லோ. முடிச்சுட்டு வந்து குடுத்தாப் போட்டுக்கலாம்னு சங்கத்துலயும் சொல்லி வெச்சிருக்கறேன். காப்பி ஆறுது பாருங்க, குடிங்க."

ஒரு வார்த்தை கோவமாப் பேசியிருந்தா நான் பொழச்சிருப்பேங்க.

7

இந்த வருசம் ரிட்டையர் ஆன மறு வாரமே கடுதாசியை எழுதிக்கிட்டு ரயிலேறினேன். நங்கை சோளத்தட்டு வெட்டிக்கிட்டிருந்தாங்க. கையைத் தொடச்சுட்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. 'என் அண்ணன் போராடத்தான் போனார்.' ரெண்டாவது தடவையும் படிச்சாங்க. முந்தானையில கண்ணைத் தொடச்சுக்கிட்டு, திடீர்னு கேட்டாங்க.

"புள்ளைக்கு வேலை என்னாச்சுங்?"

தீபா இஞ்சினியரிங் முடிச்சிருந்தா. கூடப் படிச்சதுக எல்லாம் சாஃப்ட்வேருக்கு ஓட, இவ அரசாங்க வேலைதான் வேணும்னு நின்னா. குஷாய்குடாவுல இருக்கற பெரிய அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில எடுத்திருந்தாங்க. "செலக்ட் ஆயிட்டா நங்கை. போலீஸ் விசாரணை முடிஞ்சா ஆர்டர் வந்துரும்"னேன்.

"அதுக்கும் அந்த ஃபாரம் உண்டுங்களா?"

"உண்டுங்."

"அதுல இவரைப் பத்தி என்ன எழுதியிருக்குது?"

நான் வெட்டிப் போட்ட சோளத்தட்டை எடுத்து அடுக்க ஆரம்பிச்சேன். தீபா ஃபார்ம் எழுத உக்காந்தப்ப, பழுப்புக் கவரை எடுத்துக் குடுத்து, "பெரியப்பா பத்தி கேட்டா இதுல இருக்கறதை அப்படியே எழுது"ன்னு சொன்னவன் நாந்தான். வேற பழக்கம் எனக்குத் தெரியாது.

நங்கைக்குப் புரிஞ்சுருச்சு. கடுதாசியைப் பழையபடி மடிச்சு, என் சட்டைப் பாக்கெட்டுல அவங்களே சொருகினாங்க. "புள்ளைக்கு ஆர்டரு வரட்டுங். கல்லு எங்க ஓடியா போகுது? இத்தனை வருசம் இருந்துட்டேன், இன்னும் ஆறு மாசம் இருக்க மாட்டனா?"

அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னு மறைக்காமச் சொல்லிடறேன். அழுகை வரலை. அப்பாடான்னு இருந்துச்சு.

8

ஆடி மாசம் தனி மாநிலம் தரப் போறதா தில்லியில இருந்து அறிவிச்சாங்க. அல்வால் முழுக்க வெடிச் சத்தம். யாதகிரி ஒரு தட்டு நெறைய லட்டோட ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதாரு. அண்ணன் போட்டோவுக்குப் புது மாலை போட்டு, வாயில லட்டைத் தொட்டு வெச்சிருந்தாரு. நானும் அழுதேன். ஊர்க்காரங்க சந்தோசத்துல பங்கெடுத்துக்கறேன்னு அவரு நெனச்சுக்கிட்டாரு.

அதே வாரம் ஊர்ல இருந்து போன் வந்துச்சு. காலையில ரோட்டு முக்குல பூ வெச்சுட்டுத் திரும்பி வந்த நங்கை கட்டுத்தரையிலயே சாஞ்சுட்டாங்களாம். நான் போயிச் சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிருச்சு. கொள்ளி வெக்கக்கூட முடியலை. நாந்தான் புள்ளைன்னு சொன்னேனே, அந்தப் புள்ளை.

போன மாசம் தீபாவுக்கு ஆர்டர் வந்துச்சு. விசாரணையில குத்தம் குறை ஒண்ணுமில்லையாம். அன்னைக்குச் சாயங்காலம் அவளை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். வண்டி மட்டும் வந்தது, காயிதம், கல்லு, வெத்து வரி, எல்லாம்.

"நாக்கெந்துக்கு செப்பலேது நான்னா?"ன்னா. எனக்கு ஏம்ப்பா சொல்லலை? அப்புறம் தன் கையையே பாத்துக்கிட்டு, "அந்த ஃபார்மை நான்தானே எழுதினேன். ஆக்சிடென்ட்னு என் கையாலயே எழுதிட்டேனே"ன்னா. என்னைத் திட்டுவாள்னு நெனச்சேன். திட்டலை. உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. ரோட்டுல அந்தச் சோத்துத் தட்டுக்கிட்ட இருந்து நான் இழுத்துக்கிட்டு வந்த புள்ளை அது.

சங்கத்துக்குக் கடுதாசியை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். தை மாசம் பேரை வெட்டிடறோம்னு சொல்லியிருக்காங்க. இப்ப எனக்கு சர்வீஸ் இல்லை, மகளுக்கு ஆர்டர் வந்தாச்சு, யாரும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப தைரியம் வந்து என்னங்க பண்ணறது? விடியக்காலையில வந்து தடவிப் பாக்க நங்கை இல்லை. பேரு இல்லாத கல்லுக்குத்தான் அவங்க பூ வெச்சுட்டுப் போயிட்டாங்க.

கல்லுல வெட்டறதுக்கு முந்தி, என்னைக் குடுத்து வெச்சவன்னு சொன்ன உங்க எல்லாருக்கும் முன்னாடி இங்க எழுதிடறேன். என்ற அண்ணன் பேரு ரங்கசாமி. அன்னைக்குக் காலையில காரியையும் மயிலையையும் பூட்டிக்கிட்டு ரோட்டை மறிக்கப் போனாருங்க. பருத்திக்கொட்டை வாங்கப் போகலை.